மகள் கால்நடை மருத்துவம் படிக்கணும் என்கிறாள்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வி எனக்குப் புரிந்தவரை இதுதான். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் குடும்பத்தோடு தெற்கு லண்டனில் குரோய்டனுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மகள் இயர் 11, அதாவது நம்மூர் பத்தாம் வகுப்பு மாதிரி, படிக்கிறாள். மனுஷ டாக்டர் வேண்டாம், கால்நடை மருத்துவம்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இங்கே நீட் மாதிரி நுழைவுத்தேர்வு உண்டா, கோச்சிங் எங்கே சேர்ப்பது, பெண் பிள்ளைக்கு அந்தப் படிப்பும் வாழ்க்கையும் ஒத்துவருமா என்று கேட்கிறீர்கள்.

நான் நாமக்கல்காரி. இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் மகள் இங்கேதான் படித்தாள், இப்போது ஹெரிஃபோர்டு பக்கம் ஆடு மாடு பார்க்கிறாள். நான் டாக்டர் இல்லை. அவளைப் பண்ணை பண்ணையாகக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்ட அம்மா, அவ்வளவுதான்.

நீட் கிடையாது. நம்மூரில் கால்நடைப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மார்க்கை வைத்து ரேங்க் போடுகிற மாதிரியும் கிடையாது. கேம்பிரிட்ஜ் ஈசாட் என்று ஒரு தேர்வு வைக்கிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் ஏ-லெவல் (இங்கத்திய பிளஸ் டூ) மார்க், விண்ணப்பம், நேர்காணல், இவைதான். பயாலஜி, கெமிஸ்ட்ரி இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள், மூன்றாவது பல இடங்களில் எதுவானாலும் பரவாயில்லை. பெரும்பாலும் மூன்றிலும் ஏ வாங்க வேண்டியிருக்கும். ஜிசிஎஸ்இ மார்க்கையும் பார்ப்பார்கள், அதனால் இந்த வருடப் பரீட்சையை லேசாக விடவேண்டாம். மார்க் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. நம் வீடுகளில் மார்க் எப்படியாவது வந்துவிடும். நம்மிடம் இல்லாதவை மூன்று: சரியான விசா நிலை, பண்ணைப் பழக்கம், கார். இந்தப் படிப்பில் நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த மூன்றில்தான்.

முதலில் விசா. இதை மகளிடம் பேசுவதற்கு முன் நீங்களும் உங்கள் மனைவியும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். இங்கிலாந்தில் உள்ளூர் மாணவருக்கான ஹோம் கட்டணம் 2025-26இல் வருடத்துக்கு 9,535 பவுனாக இருந்தது. அதற்கு அரசுக் கடன் கிடைக்கும், வேலைக்குப் போன பிறகு சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் பிடித்துக்கொள்வார்கள். வெளிநாட்டு மாணவர் கட்டணம் கால்நடை மருத்துவத்துக்கு வருடம் 40,000 பவுன் அளவில் வரும், அரசுக் கடன் கிடையாது. ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டு கோடி ரூபாயைத் தாண்டும். இங்கே பள்ளியில் படித்தாள், வரி கட்டுகிறோம் என்பதெல்லாம் எடுபடாது. பொதுவான விதி என்னவென்றால், படிப்பு தொடங்கும் கல்வியாண்டின் முதல் நாளில் பிள்ளைக்கு ஐஎல்ஆர், அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, இருக்க வேண்டும், அதற்கு முந்தைய மூன்று வருடம் இங்கே வசித்திருக்கவும் வேண்டும். செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு அந்த முதல் நாள் செப்டம்பர் 1. அகதி அந்தஸ்து பெற்ற குடும்பங்களுக்கு விதி வேறு, அவர்களுக்கு ஹோம் கட்டணம்தான்.

உங்கள் விஷயத்தில் மகள் இயர் 13 (பள்ளியின் கடைசி வருடம்) முடிக்கும்போது, ஐஎல்ஆர் கேட்கத் தேவையான ஐந்து வருடம் நிறைய இன்னும் சில மாதம் பாக்கி இருக்கும். அப்படியானால் ஒரு வருடம் தள்ளிப்போட்டு, ஐஎல்ஆர் கையில் வந்தபின் சேர்ப்பதுதான் புத்தி. அந்த ஒரு வருடம் ஒன்றரை லட்சம் பவுனை மிச்சம் பிடிக்கும். சேர்ந்த பிறகு நடுவில் ஐஎல்ஆர் கிடைத்தால் கட்டணம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், பொதுவாக அப்படி மாறாது. இன்னொன்று, இந்த ஐஎல்ஆருக்கான காலத்தைப் பத்து வருடமாக்கப் போவதாக அரசு 2025இல் அறிவித்தது. அது உங்கள் குடும்பத்தை எப்படித் தொடும் என்பதை ஒரு நல்ல இமிக்ரேஷன் வக்கீலிடம் காசு கொடுத்தே கேளுங்கள். வாட்ஸப் குழுவில் கேட்கவேண்டாம்.

ஐஎல்ஆர் தள்ளிப்போனால் வேறு வழி இல்லையா? இருக்கிறது. ஸ்லோவாக்கியாவில் கோஷிட்சே, ஹங்கேரியில் புடாபெஸ்ட் போன்ற ஊர்களில் ஆங்கிலத்திலேயே கற்றுத்தருகிறார்கள், கட்டணம் இங்கே வெளிநாட்டு மாணவர் கட்டுவதில் ஒரு பகுதிதான். ஆனால் அந்தப் பட்டத்தை இங்கே கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்யும் அமைப்பான ஆர்சிவிஎஸ் ஏற்குமா என்று அவர்கள் பட்டியலில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். நம்மூரில் என்ஆர்ஐ கோட்டாவில் படிக்கலாம் என்று மாமனார் வீட்டில் யோசனை சொல்வார்கள். படிக்கலாம், படிப்பும் நல்ல படிப்புதான். ஆனால் இந்தியப் பட்டத்தோடு இங்கே வந்து தொழில் செய்ய ஆர்சிவிஎஸ் நடத்தும் தேர்வில் தேற வேண்டும், அது சுலபமான தேர்வு இல்லை. எங்கே வாழப்போகிறாள் என்பதை முடிவு செய்துவிட்டு எங்கே படிப்பது என்று பாருங்கள்.

சரி, விண்ணப்பம். பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸில் கடைசி நாள் மற்றவர்களுக்கு ஜனவரி. மருத்துவம், பல், கால்நடை மூன்றுக்கும் அக்டோபர் 15, மாலை ஆறு மணி. விண்ணப்பிக்கக்கூடிய ஐந்து இடங்களில் நான்கில்தான் கால்நடை மருத்துவம் போடலாம், ஐந்தாவது வேறு பாடமாக இருக்க வேண்டும். பர்சனல் ஸ்டேட்மென்ட் 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாக மாறியிருக்கிறது, மொத்தம் 4,000 எழுத்துகள். அதுபோக, பல கல்லூரிகள் அனுபவத்தைப் பற்றித் தனிப் படிவம் அனுப்பும். அந்தப் படிவம் காலியாக இருந்தால் மூன்று ஏ-யும் உதவாது.

அக்டோபர் என்றால் இயர் 13 தொடங்கிய ஆறாவது ஏழாவது வாரம். ஆக, பண்ணை அனுபவம் எல்லாம் இயர் 11 முடிந்த கோடையிலும் இயர் 12இலும் முடிந்திருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும், இணையதளத்தில் பாருங்கள். பொதுவாக ஒரு பகுதி கிளினிக்கில், இன்னொரு பகுதி கிளினிக்குக்கு வெளியே விலங்குகளோடு. கிளினிக்கில் இடம் கிடைப்பது கஷ்டம். பதினாறு ஆகவில்லை, இன்ஷூரன்ஸ் இல்லை என்பார்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் மூன்று முறை "அடுத்த மாதம் வாங்க" என்று சொல்லி, கடைசியில் அங்கே வேலை செய்யும் ஒருவரின் உறவுப் பெண்ணுக்கு அந்த இடத்தைக் கொடுத்தார்கள். வெள்ளைக்கார வீடுகளில் யாராவது ஒரு மாமா பண்ணை வைத்திருப்பார். நமக்கு அந்த மாமா இல்லை. அதனால் மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருக்காமல், பிள்ளையே நேரில் போய் வரவேற்பில் நின்று கேட்கட்டும். நீங்கள் வெளியே நில்லுங்கள்.

லண்டனில் இருக்கிறவர்களுக்கு ஒரு வசதி, நகரப் பண்ணைகள். ஐல் ஆஃப் டாக்ஸில் மட்ஷூட், வாக்ஸ்ஹாலில் ஒன்று, சரே டாக்ஸில் ஒன்று, ஹாக்னியில் ஒன்று. சனிக்கிழமைகளில் சாணி அள்ளத் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். அங்கிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு பால் பண்ணைக்குப் போனால் கொஞ்சம் கதவு திறக்கும். பால் பண்ணைதான் முக்கியம், காலை ஐந்து மணிக்குக் கறவை தொடங்கும். இருட்டில் கொண்டுபோய் விட வேண்டியது நீங்கள்தான்.

அங்கே நின்றால் மட்டும் போதாது. ஒரு நோட்டில் தினமும் ஏன் ஏன் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். பால் கறந்த பிறகு காம்பை மருந்தில் ஏன் முக்குகிறார்கள்? கறந்ததும் காம்பின் துவாரம் உடனே மூடாது, அரை மணி நேரம் திறந்திருக்கும், கிருமி ஏறினால் மடிநோய் வரும். கறந்ததும் மாடு படுத்துவிடாமல் இருக்கத் தீனி போடுவதும் அதனால்தான். இப்படி ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் பிள்ளையை நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். "எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிராணிகள் என்றால் உயிர்" என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள்.

நேர்காணல் பெரும்பாலும் எம்எம்ஐ. சில நிமிடங்களுக்கு ஒரு மேசை, மணி அடித்தால் அடுத்த மேசை. நல்ல ஆரோக்கியமான நாயை ஊசி போட்டு முடித்துவிடச் சொல்லி ஒருவர் வருகிறார், என்ன செய்வாய்? மாட்டுக் காசநோய்க்காக பேட்ஜர் என்ற காட்டு விலங்கைக் கொல்லலாமா? மூச்சு விடவே திணறும் சப்பை மூக்கு நாய்களை வளர்ப்பவரிடம் எப்படிப் பேசுவாய்? சரியான விடை என்று ஒன்று கிடையாது, இரண்டு பக்கமும் யோசிக்கிறாளா என்று பார்ப்பார்கள். கோச்சிங் சென்டர்கள் இதற்கும் மனப்பாடப் பதில் விற்கிறார்கள். அந்தக் காசுக்கு நல்ல ஒரு ஜோடி கம்பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்.

இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கல்லூரி வாழ்க்கை எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்தது. ராயல் வெட்டர்னரி காலேஜ் 1791இல் தொடங்கியது, முதல் இரண்டு வருடம் கேம்டனில் நடக்கும், பிறகு ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஹாக்ஸ்ஹெட் வளாகம். வீட்டிலிருந்தே போய்வர ஆசைப்படும் லண்டன் குடும்பங்களுக்கு அது தோது. நாட்டிங்ஹாம் பிள்ளைகள் சட்டன் பானிங்டன் என்ற கிராமத்தில் இருப்பார்கள், அங்கே செப்டம்பர், ஏப்ரல் என்று வருடத்தில் இரண்டு சேர்க்கை உண்டு. மற்றபடி முதல் வருடம் எங்கும் ஃபார்மலின் வாடைதான். என் மகளின் முடியிலும் கோட்டிலும் அது குடியேறிவிட்டது. அவள் துணிக்குத் தனி வாஷ் போட்டோம், அப்படியும் அவள் அப்பா முகம் சுளிப்பார்.

எல்லாரும் ஃபிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போகும் விடுமுறைகளில் இவர்கள் பண்ணையில் இருப்பார்கள். இஎம்எஸ் என்று பெயர், சம்பளம் கிடையாது. முதலில் மாடு, பன்றி, குதிரை, ஆடு என்று பராமரிப்பு, பிந்தைய வருடங்களில் கிளினிக்குகள். ஈஸ்டர் விடுமுறை என்றால் ஆடு ஈனும் காலம். முதல் வருடம் என் மகளுக்கு வேல்ஸில் போவிஸ் பக்கம் ஒரு பண்ணை கிடைத்தது, பஸ்ஸே போகாத இடம். கார் கார் என்று நான் அடித்துக்கொள்வது இதற்குத்தான். பதினேழு ஆனதும் லைசென்ஸ் எடுக்க வைத்துவிடுங்கள்.

நான் புளிச்சாதமும் வத்தலும் கொடுத்துவிட்டு வரலாம் என்று போன அன்று, கொட்டகையில் ஒரு பெட்டை ஆடு படுத்து முக்கிக்கொண்டிருந்தது. குட்டியின் தலை வெளியே வந்து வீங்கிவிட்டது, முன்னங்கால் இரண்டும் உள்ளே பின்னால் மடங்கிக் கிடந்தன. அப்படியே இழுத்தால் தோள் மாட்டிக்கொள்ளும். பண்ணைக்காரர் ஆறடி ஆள், அவர் கை உள்ளே போகவில்லை. இவளைக் கூப்பிட்டார். இவள் வைக்கோலில் குப்புறப் படுத்து, கையில் வழவழப்பு ஜெல்லைப் பூசிக்கொண்டு, கழுத்தோரமாக விட்டுத் தேடினாள். குளம்பு கருப்பையைக் கிழித்துவிடாமல் உள்ளங்கையால் மூடிப் பிடித்து ஒரு காலை முன்னால் கொண்டுவந்தாள், பிறகு அடுத்தது. குட்டி வந்து விழுந்தது, மூச்சில்லை. மூக்கில் ஒரு வைக்கோல் துரும்பை விட்டுக் குடைந்தாள், தும்மியது. தொப்புளுக்கு அயோடின், காம்பைப் பீய்ச்சி அடைப்பை எடுத்துச் சீம்பால். அது முதல் சில மணி நேரத்துக்குள் போனால்தான் குட்டிக்கு நோய் எதிர்ப்பு கிடைக்குமாம். பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா என்று கேட்டீர்களே தம்பி, அந்த ராத்திரி சின்னக் கைக்குத்தான் மதிப்பு. இங்கே வகுப்பில் நாலில் மூன்று பேருக்கு மேல் பெண்கள்தான்.

உங்கள் வீட்டில் சைவம் என்றால் ஒன்று இப்போதே தெரிந்துகொள்ளட்டும். கறி சாப்பிடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஆனால் ஆட்டுத்தொட்டிக்குப் போகாமல் படிப்பு முடியாது, இறைச்சிப் பரிசோதனையும் பாடத்தில் சேர்ந்தது. அதேபோல உயிரை முடித்துவைக்கும் ஊசியும் இந்தத் தொழிலில் அன்றாடம். அதைத் தாங்க மாட்டாள் என்று தோன்றினால் பதினாறு வயதிலேயே பேசிவிடுவது நல்லது.

வகுப்பில் நம் நிறத்துப் பிள்ளைகள் குறைவு. மருத்துவக் கல்லூரியில் நம் ஆட்கள் வரிசையாக இருப்பார்கள், இங்கே ஒருத்தி இரண்டு பேர். யாரும் மோசமாக நடந்துகொள்ளவில்லை, ஆனால் நாட்டுப்புறத்து மதுக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது கொஞ்ச நாள் உறுத்தும். பிவெட்ஸ் என்று சிறுபான்மையினருக்கான ஒரு சங்கம் இருக்கிறது, அதில் என் மகளுக்கு நல்ல தோழிகள் கிடைத்தார்கள். மனச்சோர்வு இந்தத் தொழிலில் அதிகம், மறைக்க ஒன்றுமில்லை. வெட்லைஃப் என்ற அமைப்பு இருபத்துநான்கு மணி நேரமும் தொலைபேசியில் பேசும், மாணவர்களும் கூப்பிடலாம்.

சம்பளம்? புதிதாக வெளிவருபவருக்கு வருடம் முப்பதாயிரம் பவுனுக்கு மேலே. பல் டாக்டர் மகனை வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் முன்னால் அதைச் சொல்ல வேண்டாம். அவர்களுக்குச் சொல்ல வேறு ஒன்று இருக்கிறது, 2015இலிருந்து இங்கே கால்நடை மருத்துவரும் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம்.

ஹெரிஃபோர்டில் மகளுக்குத் தெரிந்த ஒரு பால் பண்ணையில் கோடையில் ஒரு வாரம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பதினாறு நிறைந்திருக்க வேண்டும், டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். உங்கள் மகளின் பிறந்த தேதியையும், அவள் கைப்பட எழுதிய அரைப் பக்கக் கடிதத்தையும் அனுப்புங்கள், கேட்டுப் பார்க்கிறேன். கடிதத்தை நீங்கள் திருத்த வேண்டாம்.