கீமோ ஓடும்போது அம்மாவை நடக்க வைக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறோம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து இப்போது கீமோ. முன்பு தினமும் தண்ணீர்மலைப் பூங்காவில் நடப்பார். இப்போது சோர்வில் படுத்தே கிடக்கிறார், அத்தையும் "உடம்பை அலட்டிக்காதே" என்கிறார். நடக்க வைக்கலாமா, டாக்டர்?

பதில்: நடக்கலாம்மா, நடக்கணும். அத்தை பாசத்தில் சொல்கிறார், ஆனால் கீமோ சோர்வு படுத்தால் தீர்கிற சோர்வு இல்லை, படுக்கப் படுக்கத் தசை இளைத்து, அப்புறம் குளியலறைக்குப் போய் வரவே மூச்சு வாங்கும். வாரம் 3 நாள், 30 நிமிடம் மிதமாக நடந்தால் 8 முதல் 12 வாரத்தில் சோர்வும் மனக்கலக்கமும் குறையும் என்று பல நாட்டு நிபுணர்கள் 2019இல் ஆய்வுகளை அலசிச் சொன்னார்கள். அதற்காக நாளைக்கே 30 நிமிடம் என்று அம்மாவை விரட்டாதீர்கள்.

பசியாறிக் கொஞ்ச நேரம் கழித்து வீட்டு வாசலில் ஐந்து நிமிடம், சாயங்காலம் ஐந்து நிமிடம். சமாளித்தால் மெல்லக் கூட்டலாம். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பேச்சு திணறினால் வேகம் அதிகம். மருந்து ஏற்றி வந்த முதல் சில நாள் கட்டிலில் உட்கார்ந்து கணுக்காலை மேலும் கீழும் அசைத்தாலே போதும்.

அறுவை செய்த பக்கத்துக் கையை மறக்காதீர்கள். தையல் ஆறி, சர்ஜன் சரி என்றதும், சுவரைப் பார்த்து நின்று விரல்களைச் சிலந்தி மாதிரி மெல்ல மேலே ஏற்றி, இழுக்கிற இடத்தில் நிறுத்தி, மூச்சை விட்டுவிட்டு இறக்கட்டும். வீங்கிவிடும் என்று பயந்து அந்தக் கையையே தூக்காதவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. பயிற்சி தெரிந்தவர் கண்காணிப்பில் படிப்படியாக எடை தூக்கினால் வீக்கம் மோசமாவதில்லை என்று 2009லேயே ஆய்வு வந்துவிட்டது.

தண்ணீர்மலை? கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு குறைந்திருக்கும் நாட்களில் வேண்டாம், அங்கே குரங்கு கீறினால் சின்னக் காயம்கூடப் பெரிசாகிவிடும். மற்ற நாட்களில் வெயில் ஏறுமுன் போகலாம், மூடிய சப்பாத்து கட்டாயம், சில கீமோ மருந்துகளில் பாதம் மரத்துப்போய்க் கல் குத்தினாலும் தெரியாது.

முதலில் புற்றுநோய் மருத்துவரிடம் ஹீமோகுளோபின், ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட், இதயம் எப்படி, எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நடக்கும்போது தலை சுற்றினாலோ புதிதாக முதுகு வலித்தாலோ நிறுத்திவிட்டு அந்த மருத்துவரை அழையுங்கள். நெஞ்சு வலித்தாலும், காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலும், பனடோல் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.