‘அவ வீட்டிலதான்’

அன்பின் அக்காவுக்கு,

நிலாவெளி வளாகத்தில் படித்து முடித்துவிட்டு, இப்போது ஓர் ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்த் தகவல் எடுக்கிறேன். படிவத்துக்கு இவ்வளவு என்று காசு. சுணங்கினால் மேற்பார்வையாளர் ஏசுவார். போன கிழமை திருகோணமலைக் கரையிலுள்ள சல்லி என்ற ஊரில் ஒரு வீடு. மனைவி தொழில் செய்கிறாவா என்று கேட்டேன். “அவ வீட்டிலதான், ஒண்டும் செய்யிறேல்ல” என்றார் கணவர். வீட்டுப்பணி என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். பின்னால் அந்த அம்மா கையெல்லாம் மீன் செதிலோடு நின்றா. மனதுக்கு ஒரு மாதிரி இருந்தது. சரி, அது போகட்டும். நான் கேட்க வந்தது இதுதான்: முதுமாணி படிக்கவா, அரச நியமனத்துக்குக் காத்திருக்கவா? எங்கள் பட்டதாரிகளுக்கு வேலைக்கேற்ற திறன் இல்லை என்று ஆய்வுகள் சொல்வது உண்மையா?

– ஒரு வாசகி, உப்புவெளி

அன்பின் தங்கச்சி,

‘அது போகட்டும்’ என்று எழுதினீரே, அதை வாசித்ததும் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு எழும்பிவிட்டேன். அது போகக் கூடாது. பெண்கள் செய்கிற வேலை கணக்கில் வராமல் போகிற இந்த விஷயம் கொஞ்சக் காலமாகவே என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு உமக்கு எழுதுகிறேன்.

இலங்கைப் பெண்களில் மூன்றிலொரு பங்கு அளவினர்தான் தொழிற்படையில், அதாவது வேலை செய்கிறவர்களாகவோ வேலை தேடுகிறவர்களாகவோ, இருக்கிறார்கள் என்று தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் அளவீடு வருஷா வருஷம் சொல்கிறது. ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். 1990இல் அந்த அளவீடு தொடங்கிய காலத்திலிருந்து பெண்களின் பங்கு பெரிதாக அசையவேயில்லை. அந்த இலக்கம் முழுப்பிழை என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளை பார்க்க ஆளில்லை, நேரத்துக்கு பஸ் இல்லை, இருட்டினால் வீடு வர முடியாது, எல்லாம் உண்மை. ஆனால் எந்த இலக்கமும் யாரோ ஒருவரின் படலையடியில்தான் பிறக்கிறது. சல்லியில் அன்று அந்தப் படலையடியில் நின்றது நீர்.

வரைவிலக்கணம் உமக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். கடந்த ஏழு நாளில் ஒரு மணித்தியாலமாவது சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ வேலை செய்தவர் தொழிலில் உள்ளவர். குடும்பத்தின் தொழிலில் சம்பளமில்லாமல் பாடுபடுகிறவரும் அதற்குள் அடக்கம். கருவாடு போட்டு விற்கிற வீட்டில் மீன் வெட்டுகிற பெண், எவ்வளவு இறுக்கமாகப் பார்த்தாலும், தொழிலில் உள்ளவர்தான். தன் வீட்டுச் சட்டிக்கு மட்டும் மட்டி பொறுக்கினால் கதை வேறு. 2013இல் தொழிற் புள்ளிவிபரவியலாளர்களின் சர்வதேச மாநாடு அதை வேலை என்று ஏற்று, ஆனால் தொழிலோடு சேர்க்காமல், தனிக் கணக்கில் வைத்தது. நீர் பார்த்த அம்மா எந்தக் கணக்கு என்று கேட்டீரா? கேட்கவில்லை. ஏழு நாள், ஒரு மணித்தியாலம் என்ற கேள்வியையே நீர் கேட்கவில்லை. கணவர் சொன்னார், நீர் போட்டீர்.

எங்கள் பெரியம்மா நெத்தலி காயப்போடுகிறவ. விடியப்புறம் கரைவலை இழுத்து முடிய, பெரியப்பாவின் பங்கில் வந்ததை அலசி, பழைய வலையை மணலில் விரித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புவா. வெயில் ஏற ஏறப் புரட்டிவிட வேண்டும். காகம் கலைக்கப் பக்கத்தில் ஒரு தடி. சாளையும் சூடையும் வந்தால் கத்தியோடு குந்தியிருந்து கீறிக் குடல் எடுத்து உப்பு வைப்பா. விரல் வெடிப்புக்குள் உப்பு ஏறினால் இரவில் சோறு பிசைய ஏலாது, கரண்டியால்தான் சாப்பிடுவா. முதலாளி வந்து சாக்கை நிறுக்கும்போது மட்டும் பெரியப்பா முன்னுக்கு நிற்பார். காசும் அவர் கையில்தான்.

2004 சுனாமி எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகு, உதவி கொடுப்பதற்கென்று ஒரு நிறுவனம் பதிவெடுத்தது. பெரியப்பா: மீன்பிடி. பெரியம்மா: வீட்டுப்பணி. அவருக்கு வள்ளமும் வலையும் வந்தன. இவவின் உப்புத் தொட்டிக்கும் தராசுக்கும், காய்ந்து சாக்கில் கட்டியிருந்த கருவாட்டுக்கும் ஒரு சதம் வரவில்லை. போய்க் கேட்டதற்கு, “அம்மாவுக்குத் தொழில் எண்டு ஒண்டும் பதியேல்லையே” என்றார்கள். பதிந்தது உம்மைப் போல ஒரு பிள்ளைதான். நல்ல பிள்ளை, எங்கள் வீட்டில் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனவ. அந்தப் புள்ளடிக்கு எத்தனை வருஷம் ஆயுள் என்று அவவுக்குத் தெரிந்திருக்காது. உமக்கு இனித் தெரியாது என்று சொல்ல ஏலாது.

2023இல் பொருளியலுக்கான நோபல் பரிசு குளோடியா கோல்டினுக்குக் கிடைத்தது. அமெரிக்காவின் பழைய குடிசனமதிப்பு ஏடுகளில் மணமான பெண்களின் தொழில் கட்டத்தில் ‘மனைவி’ என்றே எழுதி வைத்திருந்தார்கள். கணவனோடு பண்ணையில் பாடுபட்டவளும் குடும்பக் கடையில் நின்றவளும் அதற்குள் மறைந்துபோனார்கள். கோல்டின் வேறு பதிவுகளைத் தேடி எடுத்துத் திருத்தினா. 1890களின் முடிவில் வேலை செய்த மணமான பெண்களின் வீதம், ஏட்டில் இருந்ததைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்று வந்தது. அங்கே திருத்த நூறு வருஷத்துக்குப் பிறகாவது ஒருத்தி வந்தா. சல்லிக்கு யார் வருவார்?

படிவத்துக்குக் காசு கொடுப்பது பிழையான ஏற்பாடு. அதை உம்முடைய மேற்பார்வையாளருக்கு எழுத்திலேயே கொடும். ஏசட்டும். ஐந்து நிமிஷத்தில் வீடு முடிக்கச் சொல்கிறவர் ஆய்வு செய்யவில்லை, தாள் சேர்க்கிறார். போகிற மாதமும் முக்கியம். மார்கழியில் போனால் கடல் கொந்தளிப்பு, மழை. கருவாடு எங்கே காயும்? அந்தக் கிழமையில் எந்தப் பெண்ணும் ‘ஒண்டும் செய்யிறேல்ல’தான்.

பட்டதாரிகளின் கேள்விக்கு வருகிறேன், சுருக்கமாக. 1971இல் டட்லி சியர்ஸ் தலைமையில் சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு வந்து, பிள்ளைகள் எதிர்பார்க்கும் வேலைக்கும் நாட்டில் இருக்கும் வேலைக்கும் பொருத்தமில்லை என்று எழுதிவிட்டுப் போனது. பின்னால் வந்தவர்களில் சிலர் திறன் போதாது என்றார்கள். சிலர், அரச வேலையின் பாதுகாப்பும் ஓய்வூதியமுமே ஆட்களைக் காத்திருக்க வைக்கிறது என்றார்கள். 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் அரச வேலை கேட்டு மாதக்கணக்காக உட்கார்ந்திருந்த பட்டதாரிகளைக் கேட்டிருந்தால் இன்னொன்று சொல்லியிருப்பார்கள். இதில் உம்மைக் குற்றவாளியாக்கிக்கொண்டு நித்திரை கெட வேண்டாம். நியமனம் வந்தால் எடும், வருமட்டும் சும்மா இராதேயும்.

முதுமாணி படியும். பேராதனையோ கொழும்போ, அது உம்முடைய வசதி. ஆனால் ‘கிழக்கில் வேலையின்மை’ என்று நாலு பேர் எழுதியதையே திருப்பி எழுதக் கூடாது. தான்சானியாவில் சில ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்து 2011இல் வெளியிட்டார்கள். சிலரிடம் சுருக்கமாகவும் சிலரிடம் பிரித்துப் பிரித்தும் கேட்டார்கள். சிலரை நேரே கேட்டார்கள், சிலரைப் பற்றி வீட்டில் இன்னொருவரைக் கேட்டார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். சுருக்கமாகக் கேட்டபோது பெண்களின் வேலைவீதம் குறைந்தது. இன்னொருவர் வாயால் கேட்டபோது விழுந்தது ஆண்களின் வீதம். எங்கள் கரையில் எது எப்படி விழும்? சல்லி, குச்சவெளி, மூதூர் மூன்றிலும் அதைச் செய்து பாரும். எத்தனை வீடு வேண்டும் என்பதை உம்முடைய விரிவுரையாளர்களில் புள்ளிவிபரம் தெரிந்த ஒருவரிடம் கேளும், குத்துமதிப்பாக வைக்க வேண்டாம்.

அதற்கு முதல் அந்த வீட்டுக்குத் திரும்பப் போம். மீன் வேலை முடிந்த பின்னேரத்தில் போய், அந்த அம்மாவோடு கூட இருந்து, அவவிடமே கேளும். படிவத்தைத் திருத்த முடியாது என்று மேற்பார்வையாளர் சொன்னால் எனக்கு எழுதும்.

அன்புடன்,
அக்கா