எக்ஸ்ரேக்கு முன்னால் பள்ளிப் பதிவேடு

கேள்வி: 2022-இல் தலைமன்னாரிலிருந்து படகில் தனுஷ்கோடி வந்தோம். இப்போது நெல்லை மாவட்டத்து முகாம் ஒன்றில் இருக்கிறோம். தாய் தகப்பன் இல்லாத தங்கை மகனை நான்தான் வளர்க்கிறேன். 2009 பங்குனியில், கடைசிச் சண்டை நேரம், வன்னியில் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) பிறந்தவன். பிறப்புப் பதிவு இல்லை. இங்கே அரசுப் பள்ளியில் இரண்டு வருடம் படித்தான், பிறகு பெயிண்டிங் வேலைக்குப் போனான். கோயில் கொடை விழாவில் நடந்த அடிதடியில் பிடித்து, வயது 20 என்று எழுதிச் சிறையில் வைத்துவிட்டார்கள். முகாம் பதிவில் அப்படித்தான் இருக்கிறதாம். எக்ஸ்ரே எடுத்தால் உண்மை தெரிந்துவிடும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: அம்மா, இப்போதே தலையாட்டிவிடாதீர்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய பிடி. அவன் இங்கே இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போயிருக்கிறான்.

2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு, வயதை எதை வைத்து முடிவுசெய்ய வேண்டும் என்பதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் எலும்புச் சோதனை. முகாம் பதிவு இந்த வரிசையிலேயே இல்லை. ஆதார் அட்டையே பிறந்த தேதிக்கு ஏற்ற சான்று அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் சொல்லிவிட்டது, அப்படியிருக்க முகாம் அட்டை எம்மாத்திரம்?

ஆகவே நாளைக்கே அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியரைப் பார்த்து, சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள தேதியைச் சான்றாக எழுதி வாங்குங்கள். 'அந்தத் தேதி நீங்கள் வாய்மொழியாகச் சொன்னதுதானே' என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஆமாம், சொன்னதுதான். ஆனால் எந்த வழக்கும் இல்லாத காலத்தில், பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னது. அந்த வாதத்துக்கு நீதிமன்றத்தில் நல்ல கனம் உண்டு. ஊரில் அவன் படித்த பாடசாலையின் விடுகைப் பத்திரத்தையோ சேர்வு இடாப்பின் (சேர்க்கைப் பதிவேட்டின்) நகலையோ அங்கிருக்கும் சொந்தக்காரர் யாரையாவது எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு நாட்டுப் பள்ளிகளிலும் ஒரே தேதி இருந்தால் அதை அசைப்பது கடினம். பள்ளி இந்தியாவில்தான் இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. 18 முடியாத எவரும் இந்தச் சட்டத்துக்குக் குழந்தைதான், எந்த நாட்டவர் என்று அது பார்ப்பதில்லை.

எக்ஸ்ரேயில் எனக்கு ஏன் இவ்வளவு தயக்கம் என்றால், எலும்பில் தேதி எழுதியிருக்காது. மணிக்கட்டிலும் முழங்கையிலும் இடுப்பெலும்பிலும் நுனிகள் எவ்வளவு ஒட்டிச் சேர்ந்திருக்கின்றன என்று பார்த்து, '17-க்கு மேல், 19-க்குள்' என்பதுபோல அறிக்கை தருவார்கள். உங்கள் பையனின் தலையெழுத்தே அந்த இரண்டு வருட இடைவெளிக்குள் இருக்கிறது. இந்தச் சோதனையில் முன்னும் பின்னும் இரண்டு வருடம் பிசகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-இலேயே ஜெயமாலா வழக்கில் சொல்லியிருக்கிறது. பல நாடுகளில் ஒப்பிட்டுப் பார்க்கும் கை எக்ஸ்ரே படங்களின் தொகுப்பு, 1930-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகளை வைத்துச் சேர்த்தது. பங்கரில் பிறந்து நிவாரண அரிசியில் வளர்ந்த பிள்ளையின் எலும்பை அதோடு எப்படி ஒப்பிடுவது? சரி, ஆவணம் எதுவுமே நிற்காமல் சோதனைக்கு உத்தரவானால், 15 நாளில் முடிக்க வேண்டும். அறிக்கை எல்லைக்கோட்டில் வந்தால் பிள்ளைக்குச் சாதகமாகப் பார்க்க வேண்டும் என்று அர்னித் தாஸ் வழக்கில் (2000) சொன்னதை உங்கள் வழக்கறிஞர் எடுத்துக்காட்டட்டும்.

இப்போது செய்ய வேண்டியது, அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி நடுவர் நீதிமன்றத்தில் ஒரு மனு. நோட்டரி அபிடவிட்டுக்கு (எழுத்துமூலச் சத்தியப் பத்திரத்துக்கு) காசு செலவழிக்காதீர்கள். வயது விசாரணையில் அபிடவிட்டைச் சாட்சியமாக எடுக்கக்கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. நீங்கள் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். தேதி மறந்திருந்தால் பதற வேண்டாம். எந்த ஊரை விட்டு எந்த ஊருக்கு ஓடியபோது பிறந்தான், வவுனியா முகாமுக்குள் போனபோது கைக்குழந்தையா, தவழ்ந்தானா என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். சண்டை 2009 மே மாதம் முடிந்தது உலகத்துக்கே தெரியும், கணக்கை நீதிமன்றம் போட்டுக்கொள்ளும்.

சம்பவம் நடந்த அன்று என்ன வயது என்பதுதான் கேள்வி. நீங்கள் சொல்லும் பிறப்புப்படி 2027 பங்குனியில்தான் அவனுக்கு 18 முடிகிறது. விசாரணை முடியும்வரை சிறையிலிருந்து பாதுகாப்பு இடத்துக்கு மாற்றும்படி அதே மனுவில் கேளுங்கள். சிறார் என்று முடிவானதும் வழக்கு, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும், அங்கே 12-ஆம் பிரிவில் ஜாமீன் கேட்கலாம்.

வக்கீல் பீஸுக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள். பெண்ணுக்கும், காவலில் இருப்பவருக்கும் இலவசமாகவே வழக்கறிஞர் கிடைப்பார். போகும்போது பள்ளிச் சான்றைக் கையோடு கொண்டுபோங்கள்.