தைல வாடை பிடிக்காத வைத்தியர்

கேள்வி: எனக்கு வயது 32. வாடிப்பட்டி பக்கம் ஊர். மதுரையில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் பத்து வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். என் தாத்தா சிலம்ப வாத்தியார், சுளுக்கு எடுப்பதில் பேர் வாங்கியவர். போன வருடம் எனக்கு வந்த கழுத்து வலியை ஒருவர் வெறும் கையால் நீவியே சரிசெய்தார். அன்றிலிருந்து இதுதான் என் பாதை என்று தோன்றுகிறது. உடல் அசைவுப் பயிற்சியும் தொடு சிகிச்சையும் சேர்ந்த ஆறு மாத கோர்ஸ் ஒன்று இருக்கிறது, கட்டணம் 85,000 ரூபாய். வேலையை விட்டுச் சேரப் போகிறேன் என்றால் மனைவி சண்டைக்கு வருகிறார். வீட்டில் நிம்மதியாகப் பயிற்சி செய்யவும் வழியில்லை. நான்கு மாதத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து, அம்மா இரண்டு வேளையும் தைலம் போட்டுப் பிடித்துவிடுவதால் வீடெல்லாம் ஒரே வாடை. நான் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன். என் மனதைப் புரிந்துகொள்ள யாருமில்லை. என்ன செய்வது?

பதில்: தம்பி, வேலையை விட்டு வித்தை கற்கப் போகிறேன் என்று எனக்கு வந்த கடிதங்களைக் கட்டிவைத்தால் ஒரு மூட்டை தேறும். உங்கள் மனைவி சண்டை போடுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்தத் தைல வாடைதான் இரண்டு நாளாக என் மூக்கை விட்டுப் போகவில்லை.

கையால் நோய் தீர்க்கப் பிறந்தவன் என்கிறீர்கள். கீழே ஒரு மனிதர் கை கால் விழுந்து கிடக்கிறார், பெற்ற தகப்பன். நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடி ஏறுகிறீர்கள். நாளைக்கு உங்களிடம் வருகிறவர்கள் எல்லாம் மல்லிகைப்பூ வாசத்தோடா வரப்போகிறார்கள்?

அவருக்கு விழுந்தது வலது பக்கமா, இடது பக்கமா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. வலது பக்கம் விழுந்தால் பலருக்குப் பேச்சும் சேர்ந்து போகும். அப்பா பேசுகிறாரா? நான்கு மாதமாக இரண்டு வேளையும் குனிந்து நிமிரும் அம்மாவின் இடுப்பு என்ன கதியில் இருக்கிறது? உங்கள் கழுத்து வலிக்கு மட்டும் ஒரு கதை இருக்கிறது.

ஒன்று புரிகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் மீசை முளைத்த பிறகு மகன் தகப்பனைத் தொடுவதில்லை. கூச்சம், பயம், பழைய கோபம், ஏதோ ஒன்று குறுக்கே நிற்கும். கடைசியில் அவர் கண்ணை மூடிப் படுத்த பிறகுதான் எண்ணெயும் சீயக்காயும் வைக்கப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு வைக்கிற எண்ணெய் யாருக்கு? உயிரோடு இருக்கும்போது ஒரு கரண்டி தைலம் எடுத்து அந்தக் காலில் தடவினால் என்ன?

பக்கவாதத்தில் முதல் மூன்று மாதம்தான் உடம்பு வேகமாக மீளும். அதை நீங்கள் மாடியில் கழித்துவிட்டீர்கள். அதற்கப்புறம் மெதுவாக, ஆனாலும் முன்னேற்றம் வரும். அதற்குத் தைலம் மட்டும் போதாது, விழுந்த கையையும் காலையும் திரும்பத் திரும்ப வேலை வாங்க வேண்டும். உங்கள் ‘உடல் அசைவுப் பயிற்சி’க்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது?

ஆர்வத்தில் கண்டபடி இறங்கிவிடாதீர்கள். என் மாமனார் இப்படிப் படுத்திருந்தபோது, உட்காரவைக்கிறேன் பேர்வழி என்று விழுந்த கையைப் பிடித்து இழுத்தவள் நான். தோள்மூட்டு இறங்கிவிட்டது. வலியில் மனிதர் பல்லைக் கடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தசை பிடிமானம் இல்லாத தோளை அப்படி இழுக்கவே கூடாது என்று பிசியோதெரபி பெண் என்னைத் திட்டித் தீர்த்தாள். அப்புறம், விழுந்த பக்கம் உணர்ச்சி குறைந்திருக்கலாம், ஒத்தடத்தின் சூட்டை உங்கள் கையில் பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அதை உருவிவிடவே கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

இதையெல்லாம் யாரிடம் கற்பது? 2021-இல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். அவர் வரும் நாளில் கடைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். எங்கே பிடிக்கிறார், எங்கே விடுகிறார் என்று பாருங்கள். மற்ற நாட்களில் அம்மாவை உட்காரவைத்து நீங்கள் பிடித்துவிடுங்கள். எந்த இடம் இறுகியிருக்கிறது, எங்கே தொட்டால் அப்பா முகம் சுளிக்கிறார் என்பதில் அம்மாவைவிட விவரமானவர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்.

தாத்தா ரத்தம் ஓடுகிறது என்று நினைப்பு. ரத்தத்தில் சர்க்கரை வரும், வித்தை வராது. உங்கள் தாத்தா எத்தனை வருடம் ஆசானுக்கு எடுபிடியாக இருந்திருப்பார்! சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று உடம்பு பிடித்துவிடும் முறை ஒன்று இருக்கிறது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அசைத்தல் என ஒன்பது வகை. வர்மப் புள்ளிகள் 108, அதில் 12 படுவர்மம், அடி பட்டால் ஆளையே சாய்க்கும். சித்த மருத்துவப் பட்டம் வாங்க ஐந்தரை வருடம், பிசியோதெரபிக்கு நாலு வருடத்துக்கு மேல். ஆறு மாதத்தில் அடுத்தவன் கழுத்தைத் திருகத் தருகிற சான்றிதழை நான் நம்ப மாட்டேன்.

ஆகவே வேலையை விடாதீர்கள், 85,000 ரூபாயையும் கட்டாதீர்கள். கணக்கு எழுதுவது கேவலமும் இல்லை, அப்பாவின் மாத்திரை அதில்தான் வருகிறது.

மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். கோர்ஸைப் பற்றி வேண்டாம். அப்பாவுக்கு எந்த விரல் முதலில் அசைந்தது, அவர் சட்டைப் பொத்தானை இப்போது யார் போட்டுவிடுகிறார்கள், அதை எழுதுங்கள்.