நுரையீரல் நோய்க்குக் காலில் கரண்டா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) இருக்கிறது. பாத்ரூம் போய் வந்தாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார். பக்கத்து வீட்டில் மூட்டுவலிக்கு வாங்கிய கரண்ட் மெஷினை நெஞ்சில் வைத்தால் நுரையீரல் பலமாகும் என்கிறார்கள். வைக்கலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நெஞ்சில் வேண்டவே வேண்டாம் அம்மா. இதயம் இருக்கிற இடத்தில் கரண்ட் வைத்து விளையாடக் கூடாது. நுரையீரல் என்ன தசையா, கரண்டில் முறுக்கேற?

ஆனால் பக்கத்து வீட்டார் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. மூச்சு வாங்குகிறதே என்று நடையைக் குறைத்தால் தொடைத்தசை இளைக்கும். இளைத்த தசை சீக்கிரம் களைக்கும், நாலு எட்டு வைத்தாலே இன்னும் மூச்சு வாங்கும். அப்பா நாற்காலியிலிருந்து கையை ஊன்றித்தான் எழுகிறாரா, பாருங்கள்.

கரண்ட் வைப்பது அந்தத் தொடைக்குத்தான். முன்தொடையில் பட்டைகளை ஒட்டி, சில நொடி தசையை இறுக்கி, சில நொடி தளரவிடுவார்கள். உட்கார்ந்தபடியே தசைக்கு வேலை. மூச்சு அவ்வளவாக வாங்காது. லண்டனில் நோய் முற்றியவர்களுக்குத் தினம் 30 நிமிடம், 6 வாரம் இப்படி வைத்துப் பார்த்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பெயருக்குக் கரண்ட் வைத்தவர்களைவிட இவர்கள் 6 நிமிடத்தில் நடந்த தூரம் சுமார் 35 மீட்டர் கூடியிருந்தது. நிறுத்திய 6 வாரத்தில் அந்தப் பலன் போய்விட்டது! ஆகவே, கிடைத்த தெம்பில் நடக்க ஆரம்பித்துவிட வேண்டும்.

பக்கத்து வீட்டு மெஷின் பெரும்பாலும் வலியைக் குறைக்கிற 'டென்ஸ்' ஆக இருக்கும். அது வேறு, இது வேறு. இரவல் வாங்காதீர்கள்.

ஓரளவு நடக்க முடிகிறவருக்கு நடைப்பயிற்சியே போதும். அதோடு கரண்டும் வைத்தால் கூடுதல் லாபம் உண்டா என்பது உறுதியாகவில்லை. உங்கள் அப்பாவுக்கு பாத்ரூமே தூரமாக இருப்பதால், நுரையீரல் மருத்துவரிடம் கேட்டு, பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் தொடங்கலாம். பேஸ்மேக்கர், காலில் ரத்தக்கட்டி, புண், சர்க்கரையால் வந்த மரத்துப்போதல் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், போகும்போது இன்ஹேலரையும் எடுத்துப் போங்கள். டாக்டர் முன்னாலேயே அப்பாவை ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் மருந்தைத் தொண்டையிலேயே அடித்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.