ராட் மரினெல்லி ஏன் லைனுக்குத் திரும்பினார்?

ஐயா,

நாங்கள் பல வருடங்களாக டெட்ராய்ட் பக்கம் இருக்கிறோம். பையன் பதினோராம் வகுப்பு. பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் டிஃபென்சிவ் லைனில், அதாவது எதிரணியைத் தடுக்கிற முன்வரிசையில், ஆடுகிறான். கல்லூரி முடித்ததும் அதே லைனுக்குக் கோச் ஆகப்போகிறேன் என்கிறான். அவனுடைய லைன் கோச் முப்பது வருடமாக அதே வேலையில் இருப்பவர், ஒருமுறைகூட ஹெட் கோச் ஆனதில்லை. அவர்தான் இவனுக்கு முன்மாதிரியாம். "கோச்தான் ஆவேன் என்றால் ஹெட் கோச்சாக ஆகவேண்டியதுதானே?" என்று கேட்டேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறான். அடிபடுமோ என்ற பயம் ஒருபக்கம், என்ன சம்பளம் வருமோ என்ற கவலை ஒருபக்கம். அவனிடம் எப்படிப் பேசுவது? அவன் வயதுக்குத் தகுந்த தமிழ்ப் புத்தகங்களும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், மிச்சிகன்

அன்புள்ள நண்பருக்கு,

அடிபடும் பயத்தை மருத்துவரிடம் பேசுங்கள். தலையில் அடி என்றால் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது, அதில் மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். சம்பளக் கணக்கைப் பள்ளிக்கூடப் பையனிடம் இப்போது எடுக்கவே வேண்டாம். என்னைப் பிடித்து உட்காரவைத்தது உங்கள் கடிதத்தின் நடுவில் இருக்கும் அந்தக் கேள்விதான். ஏனென்றால் கொஞ்ச நாளாக நான் உங்கள் ஊர் அணியான டெட்ராய்ட் லயன்ஸின் 2008 ஆட்டங்களைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ராட் மரினெல்லி என்ற கோச்சை நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அந்த ஊரிலேயே இருப்பவர். அந்தப் பெயரைக் கேள்விப்படாமல் இருந்திருக்க முடியாது.

கலிஃபோர்னியாவில் ரோஸ்மீட் என்ற ஊரில் 1949-இல் பிறந்தவர். வியட்நாமில் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, கல்லூரியில் ஆடி முடித்து, 1973-இல் தன் ஊர் உயர்நிலைப் பள்ளியிலேயே கோச்சாகச் சேர்ந்தார். அப்புறம் யூட்டா ஸ்டேட், கலிஃபோர்னியா, அரிசோனா ஸ்டேட், யு.எஸ்.சி. என்று கல்லூரி கல்லூரியாக. என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகுக்குள் நுழைந்தது 1996-இல், டாம்பா பே பக்கனியர்ஸ் அணிக்கு டிஃபென்சிவ் லைன் கோச்சாக. அதற்குள் இருபது வருடத்துக்குமேல் இளம் பையன்களுக்குக் கையை எங்கே ஊன்றுவது, முதல் அடியை எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்.

அந்த முதல் அடியைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். பந்து நகர்ந்த கணத்தில் லைனில் இருப்பவன் பாயவேண்டும். எதிரணியில் பந்தை எறிகிற குவாட்டர்பேக் குரலை ஏற்றி இறக்கிக் கத்தி அவனை ஏமாற்றப் பார்ப்பான், ஏமாந்து எதிர்ப்பக்கம் பாய்ந்தால் ஐந்து கஜம் அபராதம். அதனால் காதை நம்பாதே, கண்ணை நம்பு என்று பழக்கவேண்டும். ஒரு குச்சியின் நுனியில் பந்தைப் பொருத்தி, கோச் தரையோரம் குனிந்து அதைச் சட்டென்று இழுப்பார், பையன்கள் பாய்வார்கள், மறுபடி இழுப்பார், மறுபடி பாய்வார்கள். அப்புறம் கை. எதிரியின் கை உன் நெஞ்சில் படுவதற்குள் உன் கை அவன் நெஞ்சில் இருக்கவேண்டும். அப்புறம் இடுப்பு, யார் தாழ்வாக இருக்கிறானோ அவன்தான் தள்ளுவான். அப்புறம் வீடியோ. மரினெல்லி அதில் லோஃப் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார், பந்து தன் பக்கம் வரவில்லை என்று ஓர் ஆட்டக்காரன் எங்கே வேகத்தைக் குறைத்தாலும் அது ஒரு லோஃப். எத்தனை பெரிய நட்சத்திரமானாலும் எண்ணிக் காட்டுவார்.

டாம்பாவின் தடுப்புமுறை முழுக்க இதை நம்பித்தான் நின்றது. ஏழு பேர் பின்னால் நின்று பாஸ்களை மறிப்பார்கள், குவாட்டர்பேக்கைத் துரத்த முன்னால் நான்கே பேர். அந்த நால்வரும் மூன்று விநாடிக்குள் அவனை நெருக்கவில்லை என்றால் பின்னால் நிற்கும் ஏழு பேராலும் ஒன்றும் செய்யமுடியாது. குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்தினால் அது ஒரு சாக், இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை. வாரன் சாப் 2000-இல் பதினாறரை சாக் எடுத்ததும், சிமியன் ரைஸ் 2002-இல் பதினைந்தரை எடுத்ததும் மரினெல்லியின் கையில். 1999 முதல் 2003 வரை தொடர்ந்து 69 ஆட்டங்களில், ஒன்றில்கூட விடாமல், அந்த அணி குறைந்தது ஒரு சாக்காவது எடுத்தது. அந்தச் சாதனையை 2020-இல்தான் பிட்ஸ்பர்க் முறியடித்தது. 2003 ஜனவரியில் சூப்பர் பவுல் என்ற இறுதிப்போட்டி, ரெய்டர்ஸ் அணியை 48-21 என்று நொறுக்கினார்கள். அந்த சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான ரெய்டர்ஸ் குவாட்டர்பேக் ரிச் கேனன் அன்று ஐந்து முறை எதிரணியின் கையில் பந்தைக் கொடுத்தார். பந்தைப் பிடித்தவர்களை எல்லோரும் கொண்டாடினார்கள். கேனன் ஏன் அப்படி அவசரமாக எறிந்தார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் லைனில் இருக்கிறது.

சரி, அப்புறம் என்ன ஆயிற்று? நீங்கள் மகனிடம் கேட்ட அதே கேள்வியை உலகம் அவரிடமும் கேட்டது. அவரும் ஆசைப்பட்டார், ஆசை இல்லாத துறவி என்று அவரைச் சொல்லமாட்டேன். 2006-இல் லயன்ஸின் ஹெட் கோச் ஆனார். முதல் வருடம் மூன்று வெற்றி, பதிமூன்று தோல்வி, அடுத்தது 7-9, மூன்றாவது வருடம் 0-16. பதினாறு ஆட்டம் ஆடி பதினாறையும் தோற்ற முதல் என்.எஃப்.எல். அணி அது.

அந்தக் குளிர்காலம் நான் அங்கே இருந்தேன். கார் கம்பெனிகள் வாஷிங்டனில் கடன் கேட்டுக் கையேந்திக்கொண்டிருந்த மாதங்கள், என்னைப் போன்ற இன்ஜினியர்கள் எல்லாம் யாருக்கு எப்போது வேலை போகும் என்று பயந்துகொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பள்ளியில் லைனில் ஆடியவர். தேங்க்ஸ்கிவிங் அன்று என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். டென்னசி 47, டெட்ராய்ட் 10. பாதி ஆட்டத்திலேயே அவர் டிவியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, வலிக்கிற முட்டியோடு கார்ப்பெட்டில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, லைனில் எப்படி நிற்பது என்று எனக்குக் காட்டினார். பந்தைப் பார்க்காதே, இந்த நாலு பேரின் முதல் அடியைப் பார் என்றார். ஊரே திட்டித் தீர்த்த மரினெல்லியை அவரும் திட்டினார், ஆனால் அந்த மனிதருக்குத் தெரிந்த வேலை வேறு என்றும் சொன்னார். டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸிடம் 42-7 என்று தோற்ற பிறகு, பத்திரிகையாளர் ஒருவர் மரினெல்லியிடம் உங்கள் மகள் இதைவிட நல்ல டிஃபென்ஸ் கோச்சாகப் பார்த்துக் கட்டியிருக்கக் கூடாதா என்று கேட்டார், அணியின் டிஃபென்ஸைப் பார்த்துக்கொண்டது மருமகன் ஜோ பாரி என்பதால். பெற்ற மகளை அந்த அறைக்குள் இழுத்த அந்தக் கேள்வியை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. கடைசி ஆட்டம் முடிந்த மறுநாளே வேலை போயிற்று.

நீங்கள் கவனிக்கவேண்டியது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். 2009-இல் சிகாகோ பேர்ஸுக்கு எந்த வேலைக்குப் போனார்? டிஃபென்சிவ் லைன். அடுத்த வருடமே மொத்த டிஃபென்ஸும் கைக்கு வந்தது. 2013-இல் டல்லாஸுக்குப் போனபோது மறுபடி லைன். பல அணிகள் கழித்துவிட்ட ஜார்ஜ் செல்வி அந்த வருடம் அவரிடம் ஏழு சாக் எடுத்தார். 2014-இலிருந்து ஆறு சீசன் டல்லாஸின் மொத்த டிஃபென்ஸுக்கும் பொறுப்பாக இருந்தார். அப்புறம் 2020-இல், எழுபது வயதுக்குமேல், ரெய்டர்ஸுக்கு மறுபடியும் லைன் கோச். இரண்டு வருடம் செய்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். உங்கள் கணக்கில் இவர் மூன்று முறை கீழே இறங்கியவர். என் கணக்கில் மூன்று முறை தன் வேலைக்குத் திரும்பியவர்.

ஐம்பத்துமூன்று ஆட்டக்காரர்கள், யாரை எடுப்பது, யாரை விடுவது, முதலாளி, பத்திரிகை, ஆஃபென்ஸ் இதெல்லாம் ஹெட் கோச்சின் வேலை. எட்டு ஒன்பது பேரின் கையும் காலும் லைன் கோச்சின் வேலை. சமையல்காரர் உயர்ந்தால் மேனேஜர் ஆவார் என்று நினைக்கிற ஹோட்டலில் சாப்பாடு என்ன ஆகும்? நம் வீடுகளில் இந்த வியாதி ஆழமாக இருக்கிறது. வகுப்பில் உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்துகிற வாத்தியாரைப் பார்த்து "இன்னும் ஹெச்.எம். ஆகலையா?" என்று கேட்போம், அவரும் கூசிப்போவார். அதை விமானம் ஏற்றி மிச்சிகன் வரை கொண்டுபோய் உங்கள் பையனிடம் கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருடம் ஒரே வேலையைச் செய்த ஒருவரை நேரில் பார்த்து, இவரைப் போல ஆகவேண்டும் என்று பதினாறு வயதில் ஒருவனுக்குத் தோன்றுகிறது என்றால், உங்கள் வளர்ப்பில் எதுவோ மிகச் சரியாக நடந்திருக்கிறது. அதைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கோபமாகத்தான் எழுதுகிறேன், ஆனால் உங்கள் கடிதத்தில் அவன்மேல் இருக்கும் பாசமும் எனக்குத் தெரிகிறது.

இன்னொன்று. இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அவன் லைனில் உள்ளே நிற்கிறானா ஓரத்தில் நிற்கிறானா என்று ஒரு வார்த்தை இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? போங்கள். திரும்பி வரும்போது காரில் அவனிடம் கேளுங்கள், எந்த இடம், முதலில் எந்தக் காலை எடுத்து வைப்பாய், எதிரில் இருப்பவனை எப்படித் தள்ளினாய் என்று. ஹெட் கோச் பேச்சை எடுக்காதீர்கள். அந்த வயதான லைன் கோச்சிடமும் போய்க் கைகொடுத்துப் பேசிவிட்டு வாருங்கள், கல்லூரியில் எந்தப் படிப்பு எடுத்தால் இந்த வேலைக்கு உதவும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

புத்தகப் பட்டியல் தனியாக மின்னஞ்சலில் அனுப்புகிறேன். பையன் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பானா, சரளமாகப் படிப்பானா என்று மட்டும் எழுதுங்கள்.