உளவுத்துறை, போதைக் கடத்தல், அரசியல் படுகொலை: எதை ஆதாரமாகக் கொள்வது?

கேள்வி: என் ஊர் கோபிசெட்டிபாளையம், கோவையில் சட்டம் படிக்கிறேன். போதைப்பொருள் கடத்தல், உளவுத்துறை, அரசியல் படுகொலை ஆகியவற்றுக்கு இடையிலான தொடர்பைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். யூடியூபில் வதந்திகளே மிகுதி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆவணங்களைப் பெற முடியுமா?

பதில்: தீர்ப்புகளிலிருந்து தொடங்குங்கள், மனு பிறகு. ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் ஒரு குவியலின் மாதிரியைக் காட்டி மூன்று குவியலுக்கு விலை பேச முடியாததைப் போல, இம்மூன்று குற்றச்சாட்டுகளுக்கும் தனித்தனியாகவே சான்று வேண்டும்.

பனாமாவின் ராணுவ உளவுப் பிரிவுத் தலைவராக இருந்து ஆட்சியைப் பிடித்த நோரியேகா, 1992இல் மயாமி நீதிமன்றத்தில் போதைப்பொருள் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார். சி.ஐ.ஏ.வும் அமெரிக்க ராணுவமும் அவருக்குச் சுமார் 3,20,000 டாலர் கொடுத்ததை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. ஆனால் எந்தப் பணிக்காக என்ற விவரத்தை நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. அவர்மீது கடத்தல் குற்றம் சாட்டிய மருத்துவர் ஸ்பதஃபோரா 1985இல் கொல்லப்பட்டதற்கான தண்டனை, 1993இல் பனாமா நீதிமன்றத்தில் தனியே விதிக்கப்பட்டது.

கொலம்பியா இன்னும் சிக்கலானது. அதிபர் வேட்பாளர் கலான் 18.8.1989 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பாதுகாப்பைத் தளர்த்தி அக்கொலைக்கு வழிவிட்டதாக, அப்போதைய உளவுத்துறைத் தலைவர் மாசா மார்க்கெசுக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2016இல் 30 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அதே மாசாவைக் கொல்லத்தான் கடத்தல் கும்பல் 1989 டிசம்பரில் உளவுத்துறைத் தலைமையகத்தைக் குண்டுவைத்துத் தகர்த்தது. ஒரு கும்பலுக்குப் பகைவர் என்பதாலேயே ஒருவரைக் குற்றமற்றவர் என்று முடிவுகட்ட இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கை நான் அறியேன்.

இனி உங்கள் மனு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ரா (வெளிநாட்டு உளவு அமைப்பு), ஐ.பி. (உள்நாட்டு உளவு அமைப்பு), மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு முதலிய அமைப்புகளுக்கு விலக்களிக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் குறித்த குற்றச்சாட்டுகள் மட்டும் அந்த விலக்கில் அடங்கா. அவற்றுள் பின்னதற்கு மத்தியத் தகவல் ஆணையத்தின் ஒப்புதல் தேவை, காலக்கெடு 45 நாள். பொதுவான கேள்வி அனுப்பினால் மறுப்புக் கடிதம்தான் வரும்.

அதைவிட, கோவையிலுள்ள போதைப்பொருள் வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்புகளை ஈ-கோர்ட்ஸ் தளத்தில் படியுங்கள். ரகசியத் தகவலை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்பச் சொல்லும் 42ஆம் பிரிவும், அத்தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்ல அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்னும் 68ஆம் பிரிவும் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் என்ற ஒரே சட்டத்தில்தான் உள்ளன. உளவாளிக்குக் கிடைக்கும் மறைவு எவ்வளவு, நீதிமன்றத்துக்குத் தெரியவருவது எவ்வளவு என்பதை அவற்றைக் கொண்டே நீங்கள் ஆராயலாம்.